வெண்புழுதிச் சாலை

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் தஸ்கனி என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அதன் தென்பகுதியில், சியனா என்னும் பழம்பெரு நகருக்கும் அமியாத்தா என்னும் மலைக்கும் இடையே ஓர்ச்சா என்னும் ஆறு ஓடுகின்றது. ஆறு சிறிது, ஆயினும் அது பாயும் பள்ளத்தாக்கு உலகப் புகழ் வாய்ந்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அதனை உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கோதுமை வயல்களும் ஒலிவ மரத் தோப்புகளும் அங்கே குன்றுதோறும் பரந்து கிடக்கின்றன. குன்றின் உச்சியில் கல்லால் ஆன வீடு ஒன்று தனித்து நிற்கும். அதன் வாயில்வரை சைப்பிரஸ் மரங்கள் காவலர்போல் இரு மருங்கும் அணிவகுத்து நிற்கும். வீட்டையும் வயலையும் ஊரையும் ஒன்றோடொன்று இணைத்து, பச்சைப் பட்டில் வெள்ளிழை ஓடினாற்போல நெளிந்து செல்பவை அந்நாட்டுப் புறச்சாலைகள். அவை தார் பூசப் பெறாதவை. சரளைக் கற்கள் பரப்பப் பெற்றவை. அந்நாட்டு மக்கள் அவற்றை 'ஸ்திராதே பியாங்கே' என்று அழைப்பர். வெண்சாலைகள் என்பது அதன் பொருள்.

இவ்வெண்சாலைகளில் மிதிவண்டி ஏறிச் செல்வதற்கென்றே இன்று பல நாடுகளினின்றும் மக்கள் வருகின்றனர். விரைந்து செல்ல நல்ல தார்ச்சாலைகள் உள்ளன. சொகுசான ஊர்திகளும் உள்ளன. அவற்றை விடுத்து, மேடும் பள்ளமும் கல்லும் புழுதியும் நிறைந்த வழியை இவர்கள் நாடுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், அச்சாலைகள் தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

சியனாவின் தென்கிழக்கே உள்ள நிலப்பகுதியைக் 'கிரேத்தே' என்பர். களிமண் நிலம் என்று அதற்குப் பொருள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. கடல் படியவைத்த சாம்பல் நிறக் களிமண்ணே இன்று குன்றுகளாக நிற்கின்றது. கோடையில் அம்மண் பாறைபோல் இறுகி வெடிக்கும். மழைக்காலத்தில் பசைபோல் குழைந்து, காலைப் பற்றினால் விடாது. இத்தகைய மண்ணில் வண்டி செல்ல வேண்டுமாயின், அதன்மேல் கல் பரப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே அந்நாட்டு உழவர்கள் வெளிறிய சுண்ணாம்புக் கற்களை உடைத்துப் பரப்பினர். சக்கரங்கள் அவற்றை அரைத்து அரைத்து வெண்பொடியாக்கின. சாலையும் வெண்மை பெற்றது.

இப்பள்ளத்தாக்கின் வழியே மக்கள் செல்வது இன்று நேற்றுத் தொடங்கியது அன்று. இங்கிலாந்து நாட்டுக் கான்டர்பரி நகரத்தின் தலைமைக் குருவாக விளங்கிய சிகெரிக் என்பார், 990ஆம் ஆண்டில் உரோமாபுரிக்குச் சென்று மீண்டார். அவர் மீண்ட வழியில் தங்கிய இடங்களின் பெயர்கள் ஏட்டில் குறிக்கப் பெற்றுள்ளன. வியா பிரான்சிஜெனா என்று வழங்கும் அந்த நெடுவழி, ஓர்ச்சாப் பள்ளத்தாக்கை ஊடறுத்துச் செல்கின்றது. அடியவரும் வணிகரும் அவ்வழியே நடந்தனர்.

சியனா நகர மன்ற மாளிகையின் சுவர் ஒன்றில், அம்புரோஜியோ லோரென்செத்தி என்னும் ஓவியர் 1338, 1339ஆம் ஆண்டுகளில் தீட்டிய ஓவியம் ஒன்று உள்ளது. நல்லாட்சியால் நாட்டிலும் நகரிலும் விளையும் பயன்களை அது காட்டுகின்றது. அவ்வோவியத்தில் அரண்மனையும் படையும் முதன்மை பெறவில்லை. நகர வாயிலினின்றும் வெளியே செல்லும் சாலை ஒன்று அங்கே காணப்படுகின்றது. உழவர் வருகின்றனர், பொதி சுமந்த விலங்குகள் வருகின்றன, செல்வர் குதிரைமீது செல்கின்றனர். அச்சமின்மை என்னும் அணங்கு அவர்களுக்கு மேலே பறந்து நிற்கின்றாள். நாடு நன்றாக இருப்பதற்கு அடையாளம் யாது என்று கேட்டால், எளியவன் அஞ்சாமல் நடக்கும் சாலையே என்று அவ்வோவியம் கூறுவது போல் தோன்றுகின்றது.

ஆயினும் வெண்சாலை ஓரத்தில் வாழ்ந்த உழவரின் வாழ்வு இன்பமே நிறைந்ததாக இருக்கவில்லை. அங்கே பல நூற்றாண்டுகளாக வார முறை நிலவியது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது. விளைந்ததில் ஏறத்தாழச் சரிபாதி நில உடைமையாளருக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தொழிற்சாலைகள் பெருகிய நகரங்களை நோக்கி உழவர் குடும்பங்கள் புறப்பட்டன. 1964ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், புதிய வார ஒப்பந்தங்கள் செய்வதைத் தடுத்தது. அதற்குள் பல வீடுகள் வெறிச்சோடிவிட்டன. மக்கள் இல்லாத வீட்டிற்குச் சாலை எதற்கு? சில சாலைகளைப் புல் மூடியது. சிலவற்றைத் தார் மூடியது.

அவ்வாறு சென்ற குடும்பம் ஒன்றில் பிறந்த முதியவர் ஒருவர், தம் பேத்தியுடன் இச்சாலையில் மிதிவண்டி ஏறிச் செல்வதை மனக்கண்ணால் காணலாம். முதியவருக்கு வயது எண்பது. பேத்தி பள்ளியில் பயிலும் பெண். அவர் ஏறியிருப்பது அவருடைய இளமைக்கால எஃகு மிதிவண்டி. அவள் ஏறியிருப்பது சரளைச் சாலைக்கென்றே செய்யப் பெற்ற புதிய வண்டி. தார்ச்சாலைப் பந்தய வண்டியின் டயர் இருபத்தைந்து அல்லது இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவளுடைய வண்டியின் டயரோ நாற்பது மில்லிமீட்டர் அகலம் உடையது.

ஐப்பசித் திங்களின் இளங்காலை அது. சான் குவிரிக்கோ என்னும் ஊரினின்றும் இருவரும் புறப்பட்டனர். அறுவடை முடிந்து உழப்பெற்ற வயல்களில் சாம்பல் நிறக் கட்டிகள் கடலலைபோல் கிடந்தன. தெற்கே 1738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலை மேகத்தைப் போர்த்து நின்றது. அது அவிந்துபோன எரிமலை. அதன் சரிவுகளில் கஷ்கொட்டை மரங்கள் அடர்ந்துள்ளன. வழியில் பாஞ்ஞோ விஞ்ஞோனி என்னும் சிற்றூரை அவர்கள் அடைந்தனர். பிற ஊர்களில் நாற்சந்தி இருக்கும் இடத்தில் அங்கே ஒரு பெரிய கற்குளம் இருக்கின்றது. நிலத்தின் அடியிலிருந்து சூடாகவே ஊறிவரும் நீர் அதில் நிறைந்து, குளிர்காலத்தில் ஆவி எழும்ப விளங்கும். அவ்வூரைக் கடந்து, ஆற்றைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்தது, வெண்சாலை தொடங்கியது.

பேத்தி விரைந்து மிதித்தாள். வண்டி ஒவ்வொரு கல்லின்மேலும் துள்ளியது. அவள் கைகள் நடுங்கின. இறக்கம் ஒன்றில் அச்சமுற்று முன்சக்கரப் பிரேக்கை இறுக அழுத்தினாள். சக்கரம் சரளையில் வழுக்க, அவள் ஓரத்துப் புல்லில் சாய்ந்தாள். அடி ஏதும் படவில்லை. ஆயினும் முகம் சிவந்தது.

"தாத்தா! இந்த வண்டி இச்சாலைக்கென்றே செய்தது என்று கடைக்காரர் கூறினாரே! இது ஏன் இப்படித் துள்ளுகின்றது?" என்று அவள் கேட்டாள்.

முதியவர் குனிந்து டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். அது கல்போல் இறுகி இருந்தது. "காற்றை மிகுதியாக அடைத்துவிட்டாய், அம்மா. கடினமான டயர் ஒவ்வொரு கல்லோடும் சண்டையிடும். சற்று மென்மையான டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே செல்லும். கொஞ்சம் காற்றை விடு. கைப்பிடியை நெரிக்காதே, பறவைக் குஞ்சைப் பிடிப்பது போல் பிடி. கண்ணுக்கு அருகே கிடக்கும் கல்லைப் பாராதே; நீ செல்ல வேண்டிய இடத்தைப் பார். பிரேக்கைச் சாலை நேராக இருக்கும்போதே மெல்ல அழுத்து, திரும்பும்போது அழுத்தாதே" என்று கூறினார்.

அவள் அவ்வாறே செய்தாள். வண்டி அமைதி அடைந்தது. சக்கரத்தின் அடியில் சரளை அரைபடும் ஒலி, மென்மழைபோல் கேட்டது.

ஏற்றம் வந்தது. பேத்தி இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். உடனே பின்சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்றது. முதியவரோ இருக்கையிலேயே அமர்ந்து, சிறு பற்சக்கரத்தைக் கொண்டு, ஒரே சீராக மிதித்து மேலே சென்றார். சரளையில் பின்சக்கரத்தின்மேல் உடற்பாரம் இருந்தால்தான் அது நிலத்தைப் பற்றும். இதனைப் பேத்தி கேட்காமலே கண்டு கற்றுக்கொண்டாள்.

ஏற்றத்தின் முடிவில் கிளைவழி ஒன்று பிரிந்தது. அதன் கோடியில் கூரை பாதி சரிந்த கல்வீடு ஒன்று நின்றது. முதியவர் அங்கே இறங்கி, வண்டியைச் சுவரில் சாய்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதுதான் நீங்கள் பிறந்த வீடா, தாத்தா?"

"ஆம், அம்மா. அதோ அந்தச் சன்னலுக்கு அருகில்தான் என் அன்னை ரொட்டிக்கு மாவு பிசைவாள்."

பேத்தி சுற்றிலும் நோக்கினாள். "எத்துணை அழகான சாலை! இதற்குத் தார் போட வேண்டும் என்று எவர்தாம் விரும்புவார்?" என்றாள்.

முதியவர் மெல்ல நகைத்தார். "நான் விரும்பினேன். என் தந்தை விரும்பினார். இங்கே வாழ்ந்த எல்லாருமே விரும்பினோம்" என்றார். பின்னர் அவர் கூறிய வரலாறு இது:

"அப்போது எனக்கு வயது ஏழு. பெருவழியில்தான் கல் பரப்பியிருந்தார்கள். அங்கிருந்து இவ்வீட்டுக்கு வரும் இந்த இருநூறு அடி வழியும் வெறுங் களிமண். கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்றில் அன்னைக்குக் கடுங்காய்ச்சல். தந்தை கால்நடையாகவே ஊருக்கு ஓடினார். மருத்துவர் இரக்கம் உள்ளவர், உடனே புறப்பட்டார். ஆனால் அவருடைய மோட்டார் வண்டி இந்தக் கிளைவழியில் அச்சுவரை புதைந்துவிட்டது. வெள்ளை எருதுகள் இரண்டைப் பூட்டி அதை இழுக்க முயன்றார்கள். இறுதியில் மருத்துவர் சேற்றில் நடந்தே வந்தார். அவர் வந்தபோது விடிந்துவிட்டது. அன்னை அவருக்காகக் காத்திருக்கவில்லை."

பேத்தியின் கண்கள் கலங்கின. முதியவர் தொடர்ந்தார்:

"இளவேனில் வந்ததும் அண்டை வீட்டு உழவர்கள் எல்லாரும் எருதுவண்டிகளுடன் வந்தார்கள். தந்தை எவரையும் அழைக்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். கல்லை ஏற்றிவந்து, உடைத்து, இந்த வழி முழுவதும் பரப்பினார்கள். நானும் சிறு கூடையில் சுமந்தேன். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. நகரத்துத் தொழிற்சாலையில் தந்தைக்கு வேலை கிடைத்தது. கட்டிலும் பாத்திரங்களும் ஒரு வண்டியில் ஏறி, அதே கல்வழியாகவே போயின. வண்டி ஒரு முறைகூடப் புதையவில்லை. என் அன்னைக்காகப் போட்ட சாலை, நாங்கள் இவ்விடத்தை விட்டுப் போவதற்குத்தான் பயன்பட்டது."

காற்று சைப்பிரஸ் மரங்களை அசைத்தது. பேத்தி சற்றுநேரம் கழித்துக் கேட்டாள்: "அப்படியானால் தார்ச்சாலை நல்லதுதானே, தாத்தா? பின் ஏன் இச்சாலைகளைக் காக்க வேண்டும் என்கின்றீர்கள்?"

"நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தார்ச்சாலை வேண்டும். அதை மறுப்பவன் சேற்றில் நடந்தறியாதவன். ஆனால் எல்லாச் சாலையையும் தாரால் மூடிவிட்டால், இந்தக் கல்லைச் சுமந்தவர்கள் இருந்தார்கள் என்பதை எவர் அறிவார்? அவர்களுக்குச் சிலை இல்லை, கல்வெட்டு இல்லை. இந்தச் சாலைதான் அவர்கள் எழுதிவைத்த எழுத்து."

முதியவரின் கருத்தை ஒத்த கருத்துடையவர் பிறரும் இருந்தனர். சியனாவுக்கு வடகிழக்கே, கியாந்தி மலைப்பகுதியில், கயோலே என்னும் சிற்றூர் உள்ளது. ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997ஆம் ஆண்டில் அவ்வூரில் மிதிவண்டிப் பயணம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு 'லெரோயிக்கா' என்று பெயர். வீரப் பயணம் என்று அதனைக் கூறலாம். பழைய மிதிவண்டிகளில் ஏறி வெண்சாலைகளில் செல்ல வேண்டும் என்பதே அதன் விதி. 1987ஆம் ஆண்டிற்கு முன் செய்யப் பெற்ற பந்தய வண்டி என்பதே பழைய வண்டிக்கு அங்கே அளவுகோல். முதலாம் ஆண்டில் 92 பேர் அப்பயணத்தில் கலந்துகொண்டனர். இன்றோ ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கின்றனர். நெடும்பயணம் செல்வோர் விடியுமுன்னரே விளக்கேற்றிப் புறப்படுவர். புரோலியோ என்னும் கோட்டைக்கு ஏறும் வெண்சாலையின் இரு மருங்கும், இருளில் சிறு விளக்குகள் வரிசையாக ஒளிரும்.

சாலையைக் காக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டிப் பேசுவது ஒரு வழி. அதில் மக்களை நடமாடச் செய்வது மற்றொரு வழி. புரோச்சி இரண்டாம் வழியைத் தேர்ந்தார். அப்பயணத்தின் 209 கிலோமீட்டர் நீளமுள்ள வழி முழுவதும் இன்று வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் எவரும் அதில் செல்லலாம். பயனற்றது என்று கருதப்பெற்ற சரளைச் சாலை, விருந்தினரை அழைத்துவரும் செல்வமாயிற்று.

2007ஆம் ஆண்டில், வெண்சாலைகளின் பெயரையே தாங்கிய பந்தயம் ஒன்றும் தொடங்கப் பெற்றது. 2015ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கும் அப்பந்தயம் நடைபெறுகின்றது. சியனாவின் செங்குத்தான தெரு ஒன்றில் ஏறி, சிப்பி வடிவான பெருஞ்சதுக்கத்தில் அது முடிவுறும். 2018ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது குளிர்மழை பெய்தது; வெண்புழுதி வெண்சேறாயிற்று. வீரர்களின் முகம் அடையாளம் தெரியவில்லை. பெல்ஜிய நாட்டு இளைஞர் வௌட் வான் ஆர்ட் என்பவர், முடிவிடத்தை நெருங்குகையில் அத்தெருவின் ஏற்றத்தில் வலிமை இழந்து வண்டியோடு சாய்ந்தார். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, மீண்டும் ஏறி, மூன்றாமவராக முடித்தார். அவ்வாண்டில் முதற்பரிசு பெற்றவர் தீஷ் பெனோட். ஆயினும் கீழே விழுந்து எழுந்தவரையும் மக்கள் மறக்கவில்லை.

கல்வீட்டின் முற்றத்தில் நண்பகல் ஆயிற்று. கொண்டுவந்த ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் இருவரும் பகிர்ந்துண்டனர். புறப்படும் வேளையில் முதியவர் கிளைவழியின் ஓரத்தில் நின்றார். அங்கே இருந்த சிறு வாய்க்கால் சருகாலும் மண்ணாலும் அடைபட்டிருந்தது. அண்மையில் பெய்த மழைநீர் வழியின்றிச் சாலையின் குறுக்கே ஓடி, சரளையை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. முதியவர் முழந்தாளிட்டு, கைகளாலேயே சருகை வாரத் தொடங்கினார்.

"இங்கே எவரும் வசிக்கவில்லையே, தாத்தா!" என்றாள் பேத்தி.

"வசிக்கவில்லைதான். ஆனால் சாலைக்குப் பகை வண்டியும் அன்று, குளம்பும் அன்று, தேங்கும் நீர்தான். நீருக்கு வழி விட்டால் சாலை நூறாண்டு வாழும். வழியை அடைத்தால் ஒரு மழையில் போய்விடும். என் தந்தை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இதைச் செய்தார்."

பேத்தி ஒன்றும் கூறவில்லை. தன் புதிய கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்தாள். குனிந்து மண்ணை அள்ளினாள். சாம்பல் நிறக் களிமண் விரல்களில் ஒட்டிக்கொண்டு விடாமல் பற்றியது. அந்த இரவில் மருத்துவரின் வண்டியைப் பற்றிய மண் இதுதான் என்று அவள் எண்ணினாள். சிறிது நேரத்தில் வாய்க்கால் திறந்தது. தேங்கிக் கிடந்த நீர் மெல்ல நகர்ந்து, சரிவில் இறங்கி, ஆற்றை நோக்கி ஓடியது. பள்ளத்தில் இருவரும் சில கற்களை இட்டு நிரப்பினர்.

பின்னர் அவர்கள் வண்டி ஏறினர். இறக்கத்தில் பேத்தி முன்னே சென்றாள். அவள் கைகள் நடுங்கவில்லை. அவளுக்குப் பின்னே எழுந்த வெண்புழுதி, முதியவரின் நரைத்த தலையில் படிந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

முன்னோர் விட்டுச் செல்லும் பொருள்கள் பலவாகும். மாளிகையையும் ஓவியத்தையும் காக்க அரசுகளும் அறிஞரும் உளர். பெயரில்லாத உழைப்பாளர் விட்டுச் சென்ற சாலையைக் காப்பவரோ, அதன்மீது நடப்பவரே ஆவர். நடப்பவர் கால் பதிந்தும், வாய்க்கால் திறப்பவர் கை பதிந்தும் வருமளவும், ஓர்ச்சாக் கரையில் அந்த வெள்ளிழை அறுபடாமல் நிற்கும்.